சுடுதண்ணீர் ஏன் வரவில்லை? யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரும் வீட்டு ஹீற்றரும்: ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழியில் திருவெம்பாவைக்கு விடிய முன் எழும்பிக் குளிக்கிற வீடுகளில் இருந்துதான் எனக்கு அதிக அழைப்பு வரும். அப்படி ஒரு நாள் கோண்டாவிலில் இருந்து ஒரு அம்மா எடுத்தார். “தம்பி, முதல் ஒரு வாளி நல்லாச் சுடுது, பிறகு பச்சைத்தண்ணிதான் வருது. புதுசு வாங்கச் சொல்லி மகன் கனடாவில இருந்து காசும் அனுப்பிப்போட்டான். நீர் ஒருக்கா வந்து பாத்திட்டுச் சொல்லும்.”

போய்க் கழற்றினேன். 50 லீற்றர் தாங்கி, வாங்கி நாலு வருடம். தண்ணீரைச் சூடாக்குகிற கம்பியான எலிமென்ட் கண்ணுக்கே தெரியவில்லை. அது இருந்த இடத்தில் முருகைக்கல் போல ஒரு வெள்ளைக் கட்டி. சூட்டை அளந்து கரண்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாற் உட்காரும் சின்னக் குழலும் அந்தக் கட்டிக்குள் அகப்பட்டிருந்தது. தாங்கியின் அடியில் இருந்து பிளாஸ்ரிக் கரண்டியால் வழித்ததைப் போட ஒரு சருவச்சட்டி தேவைப்பட்டது. எலிமென்டின் சூடு கட்டிக்குள்ளேயே நின்றுவிட, தெர்மோஸ்டாற் “தண்ணீர் சுட்டுவிட்டது” என்று நினைத்துக் கரண்டை நிறுத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் பாதியும் சுடவில்லை. ஒரு காலை வேலையோடு சரியாயிற்று. காசு மகனுக்குத் திரும்பிப் போனது.

நம் ஊரில் சுடுதண்ணீர்ப் பிரச்சினை பெரும்பாலும் இயந்திரத்தின் பிரச்சினை அல்ல, தண்ணீரின் பிரச்சினை. யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுக்கச் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்து இலேசான அமிலமாகி, கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. அதைச் சூடாக்கினால் கரைந்த சுண்ணாம்பு திரும்பக் கல்லாகப் படிகிறது. 60 பாகைக்கு மேல் போகப் போகப் படிவது வேகமாகும். கேத்தலின் அடியில் நீங்கள் பார்க்கும் வெள்ளையும் இதே சரக்குத்தான். அதனால் ஹீற்றரைக் குறைசொல்ல முன், தண்ணீர் எந்த இடத்தில் சூட்டை இழக்கிறது என்று பைப்பில் இருந்து பின்னோக்கித் தேடிக்கொண்டு போங்கள். பைப் என்று நான் சொல்வது திறந்து மூடுகிற பைப்பை. சுவருக்குள் ஓடுவது குழாய்.

முதலில் அளந்து பாருங்கள்

“சுடவில்லை” என்பது போதாது. ஒரு 10 லீற்றர் வாளி, கைத்தொலைபேசியில் நேரம் பார்க்கிற வசதி, முடிந்தால் சமையலுக்குப் பாவிக்கிற வெப்பமானி. இவ்வளவும் போதும். சுடுதண்ணீர்ப் பைப்பை மட்டும் முழுதாகத் திறந்து வாளி நிறைய எத்தனை நிமிடம் என்று பாருங்கள். வாளி நிறைந்ததும் வெப்பமானியை வையுங்கள். பிறகு இரண்டாவது வாளி, மூன்றாவது வாளி. மூன்று எண்களையும் எழுதி வையுங்கள்.

ஒருதுளியும் சுடாமல் வந்தால் கரண்ட் பக்கம் போக வேண்டும். எல்லா வாளியும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாற், சுண்ணாம்பு, அல்லது பச்சைத்தண்ணீர் எங்கேயோ கலப்பது. முதல் வாளி சுட்டு இரண்டாவது விழுந்தால் தாங்கிக்குள் பார்க்க வேண்டும். முதல் அரை வாளி குளிர்ந்து பிறகு நன்றாகச் சுட்டால் அது பழுதே அல்ல. உள்விட்டம் 20 மில்லிமீற்றர் உள்ள குழாய் 15 மீற்றர் ஓடினால் அதற்குள் மட்டும் கிட்டத்தட்ட நாலே முக்கால் லீற்றர் தண்ணீர் ஆறிக் கிடக்கும். அது வெளியேறும் வரை பொறுக்கத்தான் வேண்டும். குழாய்க்கு நுரை உறை போடலாம், ஆனால் இரவு முழுக்க நின்ற தண்ணீரை எந்த உறையும் காப்பாற்றாது.

பச்சைத்தண்ணீர் கள்ளமாகக் கலக்கிறதா

இதைப் பலர் பார்ப்பதே இல்லை. இதற்கு ஒரு ஆணியும் கழற்றத் தேவையில்லை என்பதால் நான் இதைத்தான் முதலில் செய்வேன். சுவரில் மாட்டிய தாங்கி ஹீற்றர் என்றால், அதற்குப் போகும் பச்சைத்தண்ணீர் வால்வை மூடுங்கள். வீட்டில் எல்லாப் பைப்பையும் மூடிவிட்டு, முகம் கழுவும் இடத்துச் சுடுதண்ணீர்ப் பைப்பை மட்டும் திறவுங்கள். சில வினாடியில் தண்ணீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், பச்சைத்தண்ணீர்க் குழாயில் இருந்து சுடுதண்ணீர்க் குழாய்க்கு எங்கேயோ வழி இருக்கிறது.

அந்த வழி பெரும்பாலும் கலவைப் பைப்தான். அதன் நுனியில் ஒரு கைச் ஷவரை மாட்டி, பின்னால் உள்ள இரண்டு பிடியையும் திறந்தபடி விட்டு, ஷவரின் கைப்பிடியை மட்டும் மூடிவிடுவார்கள். தண்ணீர் வெளியே வராது, ஆனால் உள்ளே இரண்டு குழாயும் சேர்ந்திருக்கும். மேல்தாங்கியில் இருந்து நேரே வரும் பச்சைத்தண்ணீருக்கு அழுத்தம் கூட, அது சுடுதண்ணீர்க் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போகும். வீட்டின் மற்றப் பக்கத்தில் குளிக்கிறவர் ஹீற்றரைத் திட்டுவார். பிடிகளையும் மூடுகிற பழக்கம் வந்தால் இதற்குச் செலவே இல்லை.

கூரையில் சோலார் தாங்கி இருக்கும் வீட்டில் இந்தச் சோதனையை இப்படிச் செய்ய முடியாது. காற்றுக்குழாய் திறந்திருப்பதால் வால்வை மூடினாலும் தாங்கியில் உள்ளது வடிந்துகொண்டிருக்கும்.

கரண்ட்

ஹீற்றரைத் தொட முன் பிரதான சுவிச் பெட்டியில் அதன் சுற்றை நிறுத்துங்கள். சுவரில் உள்ள சுவிச்சை மட்டும் நம்பாதீர்கள். வயர் மாறிப் பொருத்தியிருந்தால் சுவிச் நிறுத்திய பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும். மூடியைத் திறந்ததும் கரண்ட் இருக்கிறதா என்று ரெஸ்ரர் வைத்துப் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் சுடவில்லை என்றால் இரண்டு இடம். ஒன்று வெப்பத் துண்டிப்பான். தண்ணீர் அளவுக்கு மேல் கொதித்தால் அது தானாகத் துண்டித்துக்கொள்ளும். நடுவில் உள்ள சின்னப் பொத்தானைக் கையால் அமர்த்தினால் திரும்ப வேலை செய்யும். ஆனால் அது ஏன் விழுந்தது என்று கேளுங்கள். ஒருமுறை என்றால் சரி. வாரத்துக்கு ஒருமுறை என்றால் தெர்மோஸ்டாற் ஒட்டிப்போயிருக்கிறது, அல்லது சுண்ணாம்பு. இரண்டாவது இடம் எலிமென்ட். வயரைக் கழற்றிவிட்டு மல்ரிமீற்றரால் இரண்டு முனைக்கும் இடையில் தடை பாருங்கள். 230 வோல்ற்றில் 1.5 கிலோவாற் எலிமென்ட் சுமார் 35 ஓம், 2 கிலோவாற் சுமார் 26 ஓம், 3.5 கிலோவாற் சுமார் 15 ஓம் காட்டும். மீற்றர் அசையாவிட்டால் கம்பி உள்ளே அறுந்துவிட்டது. அதைத் திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஹீற்றரைப் போட்டதும் ட்ரிப் சுவிச் விழுந்தால், எலிமென்டின் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கக்கூடும். ஹீற்றரின் பிளக்கை எடுத்துவிட்டு, அல்லது அதன் சுற்றைப் பிரித்துவிட்டு, ட்ரிப்பைத் தூக்குங்கள். நின்றால் பழுது ஹீற்றரில்தான். இந்த இடத்தில் மன்றாட்டமாகக் கேட்கிறேன்: ட்ரிப் சுவிச்சைத் தாண்டி நேரே வயர் இழுத்து ஹீற்றரை ஓடவிடாதீர்கள். நம் வீடுகளில் எர்த் என்பது வளவில் அடித்த ஒரு கம்பிதான். கல்லுத் தரையில் அது முழுதாக இறங்காமல், மிச்சத்தை வெட்டிவிட்டுப் போன வேலையை நான் கண்டிருக்கிறேன். ஆவணி, புரட்டாதியில் மண் காய்ந்தால் அந்த எர்த் இன்னும் நலியும். ஈரக் காலோடு நிற்கிறவரைக் காப்பது 30 மில்லி அம்பியரில் விழுகிற அந்த ட்ரிப் சுவிச் ஒன்றுதான். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமர்த்திப் பாருங்கள். விழாவிட்டால் முதலில் மாற்ற வேண்டியது அதை.

மாலையில் மட்டும் சூடு குறைகிறதா? வோல்ற்றேச்சைப் பாருங்கள். வலு வோல்ற்றேச்சின் வர்க்கத்தோடு விழும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் எலிமென்ட் தன் வலுவில் நாலில் ஒரு பங்கை இழக்கும். 50 லீற்றரை 28 பாகையில் இருந்து 55க்குக் கொண்டுவர 2 கிலோவாற் எலிமென்டுக்கு 47 நிமிடம் வேண்டும். 200 வோல்ற்றில் அதுவே ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும். ஹீற்றர் நல்லாத்தான் இருக்கிறது, நீங்கள் கொஞ்சம் முந்திப் போட வேண்டும்.

தாங்கியைத் திறந்து சுண்ணாம்பு எடுத்தல்

ஹீற்றருக்குள் கொதிக்கிற கேத்தல் போலக் கரகரச் சத்தம் கேட்டாலே சுண்ணாம்பு சேர்ந்துவிட்டது. படிவுக்கு அடியில் அகப்பட்ட தண்ணீர் ஆவியாகி வெடிக்கும் சத்தம் அது.

முதல் நாள் இரவே கரண்டை நிறுத்தி ஆறவிடுங்கள். காலையில் பச்சைத்தண்ணீர் வால்வை மூடி, ஒரு சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்து காற்றுப் போக வழி விட்டு, பாதுகாப்பு வால்வின் சின்ன நெம்பைத் தூக்கித் தண்ணீரை வடியுங்கள். வடிய நேரம் எடுக்கும், அவசரப்படாதீர்கள். சில வேளை அந்த வால்வே சுண்ணாம்பால் அடைத்திருக்கும். அப்படியென்றால் அதைச் சுத்தமாக்க மினக்கெடாமல் மாற்றுங்கள். தண்ணீர் சுட்டு விரியும்போது அழுத்தத்தை வெளியே விடுவது அந்த வால்வுதான். அடைத்த வால்வோடு ஒரு தாங்கியைச் சூடாக்குவது உயிருக்கே ஆபத்து.

அடி மூடியின் வயர்களைப் படம் எடுத்து வைத்துவிட்டுக் கழற்றுங்கள். நட்டுகளை எதிர்எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்குங்கள். மூடியோடு எலிமென்ட் இறங்கும், அதோடு வெள்ளைச் சகதியும் கொட்டும். வாளி கீழே இருக்கட்டும். உள்ளே மிஞ்சிய துண்டுகளைக் கையால் அல்லது பிளாஸ்ரிக் கரண்டியால் எடுங்கள். இரும்புக் கம்பி போட்டுக் கிண்டினால் உள்பூச்சு வெடிக்கும், பிறகு கறள் அந்த இடத்தில் தொடங்கும்.

எலிமென்டைச் சித்திரிக் அமிலக் கரைசலில் ஊறப்போடுங்கள். ஒரு லீற்றர் வெதுவெதுத் தண்ணீருக்கு 50 கிராம். தேசிக்காய்ப் புளியில் உள்ள அதே அமிலம்தான், தூளாகக் கடைகளில் கிடைக்கும். வெள்ளை வினாகிரியும் வேலை செய்யும், மெதுவாக. போட்டதும் சோடா போல நுரைக்கும். நுரை நின்றால் அமிலம் தீர்ந்துவிட்டது, புதுக்கரைசல் ஊற்றுங்கள். வயர் பூட்டும் முனை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலசலகூடம் கழுவுகிற அமிலத்தை இதற்குப் பாவிக்காதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம், துருப்பிடிக்காத உருக்கையும் அரித்துவிடும். கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளோடு எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

மூடியைக் கழற்றிய கையோடு அனோட் கம்பியையும் பாருங்கள். மக்னீசியத்தால் ஆனது. தாங்கி அரிபடாமல் தான் அரிபட்டுக் கரைவதுதான் அதன் தொழில். பாதிக்கு மேல் மெலிந்திருந்தால், அல்லது நடுவில் உள்ள இரும்புக் கம்பி தெரிந்தால், புதிதாகப் போடுங்கள். நம் தீபகற்பத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோடையில் அதிகம் இறைக்கும்போது பல வீட்டுக் கிணறுகள் சவர்த்துப்போகும். உப்புக் கூடிய தண்ணீரில் அனோட் வேகமாகக் கரையும், உருக்குத் தாங்கியிலும் குழி விழும். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் இருக்கிறவர்கள் அனோட்டை வருடம் ஒருமுறை பார்ப்பது நல்லது. சுடுதண்ணீர் மட்டும் கூழ்முட்டை நாற்றம் அடித்தால் அதுவும் அனோட்டோடு சம்பந்தப்பட்டதே. தண்ணீரில் உள்ள ஒருவகைப் பற்றீரியா அங்கே ஐதரசன் சல்பைட்டை உண்டாக்குகிறது. 60 பாகைக்கு மேல் சில மணிநேரம் சூடாக்கி முழுதாக வடித்துவிட்டால் நாற்றம் போகும்.

பூட்டும்போது மூடிக்குப் புது ரப்பர் வளையம் போடுங்கள். வால்வைத் திறந்து, சுடுதண்ணீர்ப் பைப்பில் காற்றுத் துப்பாமல் ஒரே சீராகத் தண்ணீர் வரும் வரை கரண்டைப் போடாதீர்கள். வெறும் தாங்கியில் எலிமென்ட் எரிய ஒரு நிமிடமே அதிகம்.

பைப்பைத் திறந்ததும் சூடாக்குகிற உடனடி ஹீற்றர்

குளியலறைச் சுவரில் சின்னப் பெட்டியாக இருப்பது. இங்கே தாங்கி இல்லை, ஓடுகிற தண்ணீரைத்தான் சூடாக்குகிறது. இங்கிலாந்தில் உள்ள நம் உறவினர் வீடுகளில் எண்ணெயில் அல்லது எரிவாயுவில் ஓடுகிற கொம்பி பொய்லரும் குளிக்கிற தண்ணீரைப் பொறுத்தவரை இதே முறைதான். லண்டன் தண்ணீரும் சுண்ணாம்பு நிலத்துத் தண்ணீர் என்பதால், அங்கே சித்தப்பா சொல்லும் முறைப்பாடும் இங்கே நாம் சொல்லும் முறைப்பாடும் ஒன்றாகவே இருக்கும்.

இந்த வகையில் கணக்குத்தான் எல்லாம். 3.5 கிலோவாற் ஹீற்றர் நிமிடத்துக்கு 2.5 லீற்றர் தண்ணீரை 20 பாகை கூட்டும். 10 லீற்றர் வாளி நிறைய நாலு நிமிடம். மார்கழிக் காலையில் மேல்தாங்கியில் 24 பாகை என்றால் 44 பாகையில் வரும், அருமையான குளியல். அதே பைப்பை முழுதாகத் திறந்து இரண்டு நிமிடத்தில் வாளி நிறைய விட்டால் 34தான். “ஹீற்றர் பழுது” என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் எத்தனையோ பேருக்குப் பைப்பைக் கொஞ்சம் மூடிக் காட்டியதோடு என் வேலை முடிந்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. தண்ணீர் போதிய வேகத்தில் ஓடினால்தான் உள்ளே இருக்கும் சுவிச் எலிமென்டுக்குக் கரண்ட் விடும். மேல்தாங்கி ஷவருக்கு மேலே ஒரு மீற்றர் இருந்தால் கிடைப்பது 0.1 பார் அழுத்தம் மட்டுமே. அதோடு ஷவர்த் தலையின் துளைகள் சுண்ணாம்பால் அடைத்தால் சுவிச் பிடிக்காது, பச்சைத்தண்ணீர்தான் வரும். ஷவர்த் தலையைக் கழற்றிவிட்டு வெறும் குழாயில் ஓடவிட்டுப் பாருங்கள். சுட்டால் ஷவர்த் தலையை ஒரு இரவு வினாகிரியில் போட்டால் போதும். தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் உள்ள சின்ன வலையையும் கழுவுங்கள்.

3.5 கிலோவாற் என்றால் 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதை 13 அம்பியர் பிளக்கில் போடக் கூடாது. பிளக் பழுப்பு நிறமாகியிருந்தால் இன்றே பாவிப்பதை நிறுத்திவிட்டுத் தனிச் சுற்று இழுப்பியுங்கள்.

கூரையில் உள்ள சோலார்

வெயிலுக்குக் குறைவில்லாத நம் ஊருக்கு இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை மழை மூடிக்கொண்டு நிற்கும்போது, சுடுதண்ணீர் அதிகம் தேவைப்படுகிற அதே நாட்களில், இது சோர்ந்துபோகும். அது பழுதல்ல. மூன்று நாள் நல்ல வெயில் அடித்தும் சுடவில்லை என்றால் மேலே ஏறுங்கள், காலையில், கண்ணாடி சுட முன்.

கண்ணாடிக் குழல் வகை என்றால் முதலில் ஒவ்வொரு குழலின் அடி நுனியையும் பாருங்கள். வெள்ளி போலப் பளபளக்கும் ஒரு பூச்சு இருக்கும். அது பால் போல வெளுத்திருந்தால் அந்தக் குழலின் வெற்றிடம் போய்விட்டது. பிறகு ஏறுவெயிலில் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள்: நல்ல குழல் வெளியே பெரிதாகச் சுடாது, கெட்ட குழல்தான் சுடும். உள்ளே இருக்க வேண்டிய சூடு வெளியே வருகிறது. குழல் மாற்றுவதென்றால் அதிகாலையில் மாற்றுங்கள். வெயிலில் காய்ந்த வெறும் குழலுக்குள் பச்சைத்தண்ணீர் விட்டால் அந்த நொடியே வெடிக்கும்.

அடுத்தது நிழல். பொருத்தியபோது சின்னதாக இருந்த மாங்கிளை இப்போது எங்கே நிற்கிறது? நாம் 9.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறோம். மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து 57 பாகை உயரத்தில்தான் நிற்கும். சித்திரையில் நிழல் விழாத இடத்தில் மார்கழியில் விழும். அதனால் தென்பக்கத்துக் கிளையைப் புரட்டாதியிலேயே வெட்டுங்கள்.

தண்ணீர் சீராக வராமல் திக்கித் திக்கி வந்தால் காற்று அடைத்திருக்கிறது. தாங்கியின் மேல் உள்ள காற்றுக்குழாயைக் குளவி மண்ணால் மூடியிருக்கும், அல்லது சுடுதண்ணீர்க் குழாய் நடுவில் மேலே வளைந்து இறங்கும். குழாய் தாங்கியில் இருந்து ஒரே சீராக இறங்க வேண்டும். சாதாரண பிவிசி குழாய் போட்டிருந்தால் மாற்றுங்கள். 60 பாகைக்கு மேல் அது இளகும், வெயில் நாளில் சோலார்த் தண்ணீர் அதைச் சுலபமாகத் தாண்டும். சுடுதண்ணீருக்கென்று உள்ள சிபிவிசி அல்லது பிபிஆர் குழாய்தான் தாங்கும்.

மழைக்காலத்துக்கான மின் எலிமென்டைப் பொழுதுபட்ட பிறகு போடுங்கள். காலையில் போட்டுத் தாங்கியைச் சுடவைத்தால் அன்றைய வெயில் செய்ய வேண்டிய வேலையைக் கரண்ட் செய்ததாகும்.

எத்தனை பாகையில் வைப்பது

தாங்கி ஹீற்றரை 55க்கும் 60க்கும் இடையில் வையுங்கள். அதற்கு மேல் போனால் சுண்ணாம்பு. கீழே 45இல் வைத்தால் லீஜியனெல்லா போன்ற பற்றீரியா பெருகும். 60 பாகைத் தண்ணீர் ஐந்து வினாடி பட்டாலே தோல் வெந்துபோகும், கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் விரைவாக. பிள்ளைப்பெற்ற வீட்டில் குளிக்க வார்க்கிறவர்கள் வாளியில் முதலில் பச்சைத்தண்ணீரை விட்டு, அதற்குள் சுடுதண்ணீரைக் கலக்கட்டும். மாறிச் செய்யும்போதுதான் விபத்து நடக்கிறது.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வருடத்தில் ஒரு மாதம் வந்து தங்குகிற வீடுகள் இப்போது நிறைய. அங்கே தாங்கிக்குள் மாதக்கணக்காக நின்ற தண்ணீரில் உடனே குளிக்க வேண்டாம். வடித்து, புதுத்தண்ணீர் விட்டு, 60 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்து, யன்னலைத் திறந்துவிட்டு எல்லாச் சுடுதண்ணீர்ப் பைப்பையும் சில நிமிடம் ஓடவிடுங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திறப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். உங்கள் கிணறுதான் அதற்குப் பதில் சொல்லும். சுத்தமான கேத்தலில் ஒரு வாரம் அந்தத் தண்ணீரை மட்டும் காய்ச்சுங்கள். வீட்டுக்கு நீர்வழங்கல் சபையின் குழாய்த் தண்ணீரும் வருகிறதென்றால் வேறொரு கேத்தலில் அதையும் காய்ச்சுங்கள். எதில் வெள்ளை குறைவோ அந்தத் தண்ணீரை ஹீற்றருக்குக் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீர் ஒரு வாரத்திலேயே அடியை மூடும்படி படிந்தால் வருடத்துக்கு ஒருமுறை, மங்கலாகத்தான் தெரிகிறதென்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. திறந்த நாளையும் அனோட் போட்ட நாளையும் அழியாத மையால் ஹீற்றரின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கோண்டாவில் அம்மாவின் ஹீற்றரில் நான் எழுதியதற்குக் கீழே, அடுத்த புரட்டாதியில் திறக்க வேண்டும் என்று அவரே தன் கையால் எழுதி வைத்திருக்கிறார்.